சந்திராஷ்டமம் எந்த நட்சத்திரத்துக்கு, எத்தனை மணி வரை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குடியாத்தத்தில் இருபத்தைந்து வருஷமாகப் பீடி சுற்றுகிறேன். காலையில் சமையலை முடித்துவிட்டு ஏழெட்டுப் பேர் ஒரே திண்ணையில் முறத்தோடு உட்காருவோம். எட்டாவது வரை படித்தவள் என்பதால் பேப்பர் படிப்பது என் வேலை. படிக்கிற கால் மணி நேரத்துக்கு என் பங்கு இலையை மற்றவர்கள் வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். முதல் பக்கத்தை யாரும் கேட்பதில்லை. "ராசிபலனை எடு" என்பார்கள். அவரவர் ராசி வரும்வரை திண்ணையில் சத்தமே இருக்காது.

எனக்கும் ஜோசியத்தில் முழு நம்பிக்கை உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2024-இல் எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்து ஒன்பது நாள் இருக்கும். பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சர்க்கரை. கால் சுண்டு விரலில் செருப்பு கடித்த புண் கறுத்துப்போய் வாடை வர ஆரம்பித்திருந்தது. மறுநாள் விடிந்ததும் பஸ் பிடித்து வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதாக ஏற்பாடு. அந்தக் காலையில் நான் படித்தேன்: மேஷம், சந்திராஷ்டமம், பயணம் வேண்டாம், புது முயற்சிகளைத் தள்ளிப்போடவும். அக்கா கட்டி வைத்திருந்த பையைத் திரும்ப உள்ளே வைத்தார். "ரெண்டு நாள்தானே, சனிக்கிழமை பார்த்துக்கலாம்" என்றார். வெள்ளிக்கிழமையும் மேஷத்துக்கு அதேதான் போட்டிருந்தது. சனிக்கிழமை போனபோது, முன்பே வந்திருந்தால் மருந்திலேயே பார்த்திருக்கலாம் என்று சொல்லி விரலை எடுத்துவிட்டார்கள்.

படித்தது என் வாய். அது இன்னும் என்னை உறுத்துகிறது.

அப்புறம்தான் வீட்டில் இருந்த பஞ்சாங்கத்தைப் புரட்டினேன், கோயில் குருக்களிடமும் கேட்டேன். பிறந்த ராசிக்கு எட்டாவது ராசியில் சந்திரன் இருப்பது சந்திராஷ்டமம். ஒரு ராசியைத் தாண்ட அதற்கு இரண்டே கால் நாள் ஆகும். ஆனால் பிறந்த நட்சத்திரத்துக்குப் பதினேழாவது நட்சத்திரம் நடக்கும் நேரத்தைத்தான் பெரியவர்கள் முக்கியமாகப் பார்ப்பார்களாம். அக்கா அசுவினி. அவருக்கு அனுஷம் ஒன்றுதான் கணக்கு. அடுத்து வரும் கேட்டை, அதே மேஷத்தில் இருக்கும் பரணிக்காரர்களுக்கு உரியது. அந்த வெள்ளிக்கிழமை காலையிலேயே அனுஷம் முடிந்துவிட்டது. சாஸ்திரப்படியே பார்த்தாலும் அன்று மத்தியானம் அக்கா பஸ் ஏறியிருக்கலாம்! மேஷம் என்று மொத்தமாகப் போட்டதால் ஒரு நாள் வீணாகப் போனது.

அது மட்டுமல்ல. ஆபத்துக்குப் பாவமில்லை என்று என் பாட்டி சொல்வார். பிரசவ வலிக்கும் பாம்புக்கடிக்கும் அவர் ராகு காலம் பார்த்ததே கிடையாது. பெண் பார்க்கப் போக, கடை திறக்க, நிலம் பதிய நாள் பாருங்கள், சரி. வைத்தியத்துக்கு எதற்கு?

இன்னொன்று. பலன் எழுதுகிறவர் எந்தப் பஞ்சாங்கத்தை வைத்து எழுதுகிறார் என்பதையும் போட வேண்டும். 2025 மார்ச் 29-இல் சனி மீனத்துக்குப் போய்விட்டது என்றது திருக்கணிதப் பஞ்சாங்கம். வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026-இல்தான் பெயர்ச்சி என்று திருநள்ளாறு கோயிலில் சொன்னார்கள். எங்கள் திண்ணையில் மகர ராசிப் பெண் ஒருத்தி, ஏழரைச் சனி முடிந்ததா இல்லையா என்று தெரியாமல் மகள் கல்யாணப் பேச்சை எடுக்கவே பயந்துகொண்டிருந்தாள்.

ஆகவே ஐயா, சந்திராஷ்டமத்தை நட்சத்திரத்தின் பெயரோடு, எத்தனை மணி வரை என்று போடுங்கள். பயணம் வேண்டாம் என்று எழுதினால் பக்கத்திலேயே 'மருத்துவத்துக்கு இது பொருந்தாது' என்று ஒரு வரி சேருங்கள். ஒரு வரிக்கு இடம் கிடைக்காமலா போகும்?

அக்கா இப்போதும் எதிர்த் தூணில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டுதான் பீடி சுற்றுகிறார். "மேஷத்துக்கு என்ன?" என்று முதலில் கேட்பதும் அவர்தான். பயணம், உடல்நலம் என்று ஏதாவது வந்தால் நான் அதைப் படிக்காமல் தாண்டி, வரவு செலவுக்குப் போய்விடுகிறேன். நீங்கள் அச்சடித்ததை நான் மறைத்துப் படிப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு பீடித் தொழிலாளி,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.