என் கேரட் பாத்திக்குத் துணைநின்ற அயலாருக்கு நன்றி

தக்கலை அருகே எங்கள் தெருவில் வாழும் அனைவருக்கும் வணக்கம்.

கேரட் என்றால் ஊட்டியிலிருந்து வடசேரிச் சந்தைக்கு வந்து இறங்குவது என்றே எண்ணியிருந்த நான், இந்தப் பங்குனியில் என் வீட்டுப் பின்புறத்துச் சிறு பாத்தியிலிருந்து 3 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கேரட் பறித்தேன். இருமுறை தோற்ற பிறகு கிடைத்த விளைச்சல் இது.

எதிர்வீட்டுப் பாட்டா, முதல் நன்றி உங்களுக்கு. கத்தரி, தக்காளியைப் போல நாற்று விட்டுப் பிடுங்கி நட்டதால்தான் ஆணிவேர் முறிந்து கிழங்கு கவைகவையாகப் பிரிந்தது என்பதை, நான் எறிந்த ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தவுடனே சொன்னீர்கள். நம் செம்மண்ணில் கிடக்கும் சரளைக்கல் வேரைத் தடுத்தாலும் இதுவே நேரும் என்று கூறி, ஓர் அடி ஆழம் வெட்டிய மண்ணை இரண்டு நாள் என்னுடன் அமர்ந்து சலித்துத் தந்தீர்கள். புதுச்சாணம் கூடாது, மக்கிப் பொடிந்த உரமே போதும் என்பதும் நீங்கள் சொன்னதே. கயிற்று ஆலையில் பணிபுரியும் அண்ணன், கேளாமலே, கழுவி மக்கவைத்த தென்னை நார்த்தூளை இரண்டு சாக்கு கொண்டுவந்து இறக்கினார்.

இரண்டாம் முறை விதைத்ததை ஐப்பசி மழை அடித்துச் சென்றது. ஆகவே மழை ஓய்ந்த மார்கழி வரை பொறுத்திருக்கச் சொல்லி, வெப்பம் ஓரளவு தாங்கும் குரோடா வகை விதையை வாங்கித் தந்த மேலவீட்டு அக்காவுக்கும் நான் கடமைப்பட்டுள்ளேன்.

பக்கத்து வீட்டு மாமியைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். கேரட் விதை முளைக்க ஒன்று முதல் மூன்று வாரம் வரை ஆகும். அதுவரை மேல்மண் காயவே கூடாது. உலர்மணலில் கலந்து, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் நான் வரிசையாகத் தூவிய விதைகளின்மேல் தம் சணல்சாக்கை விரித்து, திருமணத்துக்காக நான் திருநெல்வேலி சென்றிருந்த ஐந்து நாளும் காலையும் மாலையும் நனைத்தவர் அவர். ஒன்பதாம் நாள் சாக்கை விலக்கியபோது ஊசிபோல் இரண்டிரண்டு இலைகள் தெரிந்தன. களை என்று கைநீட்டிய என்னை, "மக்களே, பிடுங்கிப் போடாத, அதுதான் கேரட்டு" என்று தடுத்தார். அந்தக் கை தடுத்திராவிட்டால் பாத்தியே இல்லை.

இரண்டு அங்குலத்துக்கு ஒன்று நிற்கும்படி, நெருக்கமாக முளைத்த நாற்றுகளைப் பிடுங்கி எடுத்த பிள்ளைகளுக்கும் நன்றி. பிடுங்கிய நூல்வேரிலேயே கேரட் மணம் வருகிறதென்று அவர்கள் வியந்தது இன்னும் நினைவில் உள்ளது.

ஊட்டிக் கேரட்டின் நீளமோ இனிப்போ இவற்றுக்கு இல்லை. ஆயினும் ஒன்றுகூடக் கவை விடவில்லை. ஒவ்வொரு வீட்டுப் பங்கையும் தழையோடு கட்டி வைத்துள்ளேன், மாலையில் கொண்டுவருகிறேன். மாமி, உங்கள் சாக்கும் துவைத்துக் காய்ந்துகொண்டிருக்கிறது.

நன்றியுடன்,
உங்கள் அயல்வீட்டுப் பெண்