பத்து நிமிடம் போதும் என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் இமாசலப் பிரதேசத்து ஸ்பிதி பள்ளத்தாக்கைப் பற்றி வந்த சுற்றுலாக் கட்டுரையில், அங்கே உள்ள தாபோ பௌத்த மடாலயத்துக்கு மூன்று வாக்கியங்கள் கிடைத்திருந்தன. வெளியே பார்த்தால் மண்வீடு போல இருக்குமாம். உள்ளே ஒரே இருட்டாம், படம் எடுக்கவும் விடமாட்டார்களாம். ஆகவே "பத்து நிமிடம் போதும், மதியச் சாப்பாட்டுக்குக் காஸா போய்விடலாம்" என்று, ஸ்பிதியின் தலைமை ஊரைக் காட்டி முடித்திருக்கிறார் கட்டுரையாளர். 31 ஆண்டுகளாக உங்கள் பத்திரிகையை வாங்குகிற வீடு எங்களுடையது. அந்த வரியைப் படித்ததும் மடித்து வைத்த இணைப்பை, இந்தக் கடிதம் எழுதுவதற்காகத்தான் இன்று மறுபடி எடுத்தேன்.

எடுத்துப் பார்த்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. "தாபோ மடாலயம்" என்று அடியில் எழுதி நீங்கள் வெளியிட்டிருப்பது அதே பள்ளத்தாக்கில் உள்ள கீ மடாலயத்தின் படம். கீ, குன்றின் உச்சியில் அடுக்கடுக்காக எழும்பி நிற்பது. தாபோ, ஸ்பிதி ஆற்றை ஒட்டிய சமதளத்தில் மண்மதிலுக்குள் தணிந்து அமர்ந்திருப்பது. இரண்டையும் ஒருமுறை பார்த்தவர் மாற்றிச் சொல்ல வழியே இல்லை. இது உங்கள் பார்வைக்கு எப்படித் தப்பியது என்று எனக்கு விளங்கவில்லை.

நான் சென்னையில் ஒரு பள்ளியில் 28 ஆண்டுகள் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். 2018 ஜூன் மாதம் நானும் என் கணவரும் தாபோவுக்குப் போனோம். சிம்லாவிலிருந்து கின்னோர் வழியாக, இடையில் இரண்டு ஊர்களில் தங்கி மெதுவாக ஏறினோம். தாபோ 10,000 அடிக்கு மேல் இருக்கிறது. உடம்பு பழகுவதற்கு அந்த வழிதான் நல்லது என்று போய் வந்தவர்கள் சொன்னார்கள், அப்படியே இருந்தது. உங்கள் கட்டுரையோ மணாலியிலிருந்து குன்சும் கணவாயைக் கடந்து ஒரே மூச்சில் போகச் சொல்கிறது. அந்தக் கணவாயின் உயரம் ஏறத்தாழ 15,000 அடி. கடற்கரை ஊரில் வாழும் நம்மவர்கள் இதை நம்பி வயதான தாய் தந்தையரையும் அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டால் என்ன ஆவது?

அந்த இருட்டைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு துறவி சாவிக்கொத்தோடு வந்து கதவைத் திறந்துவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே காலை வைத்தால் தரை சில்லிட்டது. முதல் ஐந்து நிமிடம் எதுவும் தெரியவில்லை. பிறகு கூரையின் சிறு திறப்பு வழியே இறங்கிய வெளிச்சத்தில், என் தலைக்கு மேலே சுவரில் ஒரு முழங்கால் தெரிந்தது. அப்புறம் மடியில் கிடந்த கை, அப்புறம் முகம். மண்ணால் வனைந்து வண்ணம் தீட்டிய முப்பதுக்கும் மேற்பட்ட திருவுருவங்கள் தரையைத் தொடாமல் சுவரோடு சுவராகச் சுற்றிலும் வீற்றிருந்தன. நடுவே வைரோசன புத்தர், நான்கு உடல்களாக நான்கு திசைகளையும் பார்த்தபடி. கீழே சுவர் முழுவதும் ஓவியம். ஒரு பக்கம் புத்தரின் வாழ்க்கை. இன்னொரு பக்கம் ஞானம் தேடி ஆசான் ஆசானாக நடந்து போகும் சுதனன் என்ற இளைஞனின் பயணம்.

அதில் ஒரு பெண்ணின் மேலாடை மடிப்பில் என் டார்ச் வெளிச்சம் நின்றுவிட்டது. மணிக்கட்டில் மயிரிழையாகத் தொடங்கிய சிவப்புக் கோடு, முழங்கையில் தடித்து, தோளில் மறுபடி மெலிந்து முடிகிறது. நடுவில் எங்கேயும் தூரிகை எடுபட்ட தடமே இல்லை. பிள்ளைகளுக்கு அப்படி ஒரு கோடு இழுக்கச் சொல்லிக்கொடுக்கத்தான் 28 ஆண்டுகள் பாடுபட்டேன். 40 நிமிடம் அதன் முன்னால் நின்றேன். அன்று இரவு மடாலய விடுதியில் நினைவிலிருந்து அதை வரைந்து பார்த்தேன், வரவில்லை. மறுநாள் காலை மறுபடியும் போய் நின்றேன். கையில் படம் இருந்திருந்தால் அந்த இரண்டாம் முறை போயிருக்க மாட்டேன். ஆகவே படம் எடுக்க விடாததை ஒரு குறையாக எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. அவை ஈரச் சுண்ணாம்பில் ஊறிப் பிடித்த வண்ணங்கள் அல்ல. காய்ந்த மண்பூச்சின் மேல் தீட்டியவை. தண்ணீர் பட்டால் போயிற்று. மழை மிகக் குறைவான பள்ளத்தாக்கு என்பதால்தான் மண்சுவரும் அதன்மேல் அந்தக் கோடும் ஆயிரம் ஆண்டு தாங்கியிருக்கின்றன. 1975 கின்னோர் நிலநடுக்கத்தையும் கண்ட சுவர்கள் அவை.

என் கணவர் தச்சு வேலை தெரிந்தவர். அவருக்கு அங்கே மூச்சு வாங்கியது. ஆனாலும் வாசற்படியில் உட்கார்ந்தபடியே கூரை உத்தரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த மலையில் ஒரு மரம்கூட இல்லையே, இவ்வளவு உத்தரத்தை எங்கிருந்து சுமந்து வந்தார்கள்?" என்று கேட்டார். இறங்கி வரும் வழியெல்லாம் அதே பேச்சு. இப்போது அவர் இல்லை. அந்த இடத்தை எங்கள் இருவருக்கும் கடைசிப் பயணமாகத் தந்ததற்கு நான் நன்றியோடு இருக்கிறேன். அதைத்தான் பத்து நிமிட இடம் என்று நீங்கள் அச்சிட்டீர்கள்.

தாபோ எழுந்தது கி.பி. 996இல். இங்கே ராஜராஜன் அரியணை ஏறிப் பதினோரு ஆண்டு ஆகியிருந்தது. தஞ்சைப் பெரிய கோயில் முடிய இன்னும் 14 ஆண்டு. அதற்குள்ளாகவே நாகப்பட்டினத்தில் கடல் கடந்த கடாரத்து அரசன் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையாகக் கொடுத்தான். இவையெல்லாம் நீங்கள் அறியாதவை அல்ல. சுதனன் தேடிப் போகும் ஆசான்களில் மேகன் என்ற திராவிடர் ஒருவரும் உண்டு என்பதையும் அறிந்திருப்பீர்கள். அத்தனை தொலைவில் இருக்கும் சுவருக்கும் நமக்கும் இப்படி ஒரு உறவு இருக்க, தமிழ்ப் பத்திரிகை அதைச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் முடித்துக்கொள்ளச் சொல்கிறது.

மண்ணால் கட்டியதை அவர்கள் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாகப்பட்டினத்தில் மிச்சமிருந்த பௌத்தச் செங்கல் கோபுரத்தை 1867இல் இடித்துப்போட்டார்கள். அந்த ஊர் மண்ணிலிருந்து கிடைத்த வெண்கலப் புத்தர்களை எழும்பூர் அருங்காட்சியகத்தில் போய்ப் பார்க்கலாம். யார் பார்க்கிறார்கள்? ஆண்டுதோறும் என் மாணவிகளை அங்கே அழைத்துப் போவேன். அமராவதிச் சிற்பங்களுக்கு முன்னால் ஐந்து பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தைத் திறப்பதற்குள், உடன் வந்தவர்கள் "பஸ் காத்திருக்கிறது, சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டுவார்கள். அதே பஸ், கேளிக்கைப் பூங்கா வாசலில் மாலை வரை காத்திருக்கும். ஒருமுறை ஒரு சிறுமி தாமரை இதழை வரைந்துகொண்டே கண் கலங்கி நடந்தாள். அவளுடைய முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. இந்த அவசரத்தைப் பிள்ளைகளா கண்டுபிடித்தார்கள்? பெரியவர்கள் சொல்லிக்கொடுத்தது, பெரியவர்களுக்குப் பத்திரிகைகள் சொல்லிக்கொடுத்தது.

காஞ்சி கைலாசநாதர் கோயில் பிராகாரத்துச் சிற்றறைகளில் பல்லவர் காலத்து வண்ணம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் இணைப்பில் அந்தக் கோயிலைப் பற்றி வந்தபோது அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதினேன். "கட்டுரை அருமை, காஞ்சி வாசகர்களுக்கு நல்ல விருந்து" என்று என் பெயரில் இரண்டு வரி வெளிவந்தது. அப்படி நான் எழுதவே இல்லை. பெரிய மனது பண்ணி இடம் கொடுத்தீர்களே என்று அப்போது பேசாமல் இருந்துவிட்டேன். இருந்திருக்கக் கூடாது.

நான் கேட்பது சிறிய காரியம். வரும் ஞாயிறு தாபோவின் சரியான படத்தை வெளியிட்டு, முன்பு வந்தது கீ மடாலயம் என்று குறிப்பிடுங்கள். கூடவே, மெதுவாக ஏறுங்கள், கையில் சிறிய டார்ச் வைத்துக்கொள்ளுங்கள், துறவியிடம் கேட்டு ஒளியைச் சுவரில் படவிடுங்கள், அரை நாளாவது ஒதுக்குங்கள் என்று இரண்டு வரி போதும். இடம் போதாவிட்டால் இந்தக் கடிதத்தில் என்னைப் பற்றி உள்ளதையெல்லாம் எடுத்துவிடலாம். ஆனால் நான் எழுதாததை என் பெயரில் போட வேண்டாம்.

தங்கள்,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை,
பெரம்பூர், சென்னை.