நேத்தும் நேற்றும்

அன்புள்ள மல்லிகா,

பங்குனியில் நீ போட்ட கடிதத்துக்கு ஆடியில் பதில் எழுதுகிறேன். திட்டுவதையெல்லாம் நேரில் வந்து திட்டிக்கொள். இங்கே எல்லாரும் நலம். சரோஜாக்காவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்ததும் முதலில் கேட்டது உன் புளியோதரையைத்தான்.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்றாம் வகுப்பு நோட்டுப் படங்கள்தான் என்னைப் பேனா எடுக்க வைத்தன. ஒரே பிள்ளையின் இரண்டு பக்கங்கள். சொல்வதெழுதலில் பத்துக்குப் பத்து. காற்று, நேற்று, மூன்று எல்லாம் சரி. அடுத்த பக்கத்தில் சொந்தமாக எழுதச் சொன்னதும் 'நேத்து காத்து அடிச்சது. மூணு மரம் விழுந்துச்சு.' அடியில் சிவப்பு மையில் 'கவனக்குறைவு' என்று போட்டிருக்கிறாய். மல்லி, அந்தச் சொல்லை முதலில் அடித்துவிடு.

சொல்வதெழுதலில் நீ 'நேற்று' என்று அழுத்தந்திருத்தமாக வாசிக்கிறாய். பிள்ளை உன் வாயைக் கேட்டு எழுதுகிறது. சொந்த வாக்கியம் எழுதும்போது அதற்குக் கேட்பது தன் வாய்தான். அந்த வாய் 'நேத்து' என்கிறது. கேட்ட ஒலியை எழுத்தாக்கும் வேலையை அது பிசகில்லாமல் செய்திருக்கிறது. பேச்சில் இருக்கும் ஒலி எழுத்துக்கு வரும்போது எப்படி மாறும் என்பதை அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். 247 எழுத்தையும் சொல்லித்தருகிறோம், இந்த மாற்றத்தை மட்டும் தானாக வந்துவிடும் என்று விட்டுவிடுகிறோம். வீட்டில் கதைப் புத்தகம் இருக்கும் பிள்ளைக்கு வந்துவிடுகிறது. மற்றப் பிள்ளைகளை நாம் 'கவனக்குறைவு' என்கிறோம். எனக்கு ஆறாத ஆற்றாமை இதுதான்.

பெரும்பாலான பிழைகள் நான்கே தடங்களில் அடங்கும். த்த என்று பேசுவது ற்ற ஆகும்: காத்து – காற்று, நேத்து – நேற்று, ஆத்துல – ஆற்றில். ன்ன, ண்ண, ண என்பவை ன்ற ஆகும்: நின்னான் – நின்றான், ஒண்ணு – ஒன்று, மூணு – மூன்று. ச்ச என்பது த்த ஆகும்: படிச்சான் – படித்தான், வச்சான் – வைத்தான். ஞ்ச என்பது ந்த ஆகும்: தெரிஞ்சது – தெரிந்தது, ஒளிஞ்சான் – ஒளிந்தான்.

வாரத்துக்கு ஒரு தடம் போதும். இரண்டு வைத்தால் இரண்டும் கலங்கிவிடும். திங்களன்று எட்டுச் சொற்களைப் பிள்ளைகள் வாயாலேயே சொல்ல வைத்து, கரும்பலகையில் 'பேசுவது', 'எழுதுவது' என்று இரண்டு பத்தியாக எழுது. மாறும் இரண்டு எழுத்தை மட்டும் வண்ணச் சாக்பீஸால் எழுது. செவ்வாயன்று மாறாத சொற்களை உள்ளே விடு: பத்து, முத்து, அத்தை. இந்த நாளைத் தவிர்த்தால் வியாழக்கிழமை கழுத்து மாலையின் முத்தும் 'முற்று' என்று வந்து நிற்கும். ஞ்ச வாரத்தில் இது இன்னும் மோசம். பஞ்சு பந்தாகிவிடும், அதுவும் உண்மையான சொல் என்பதால் பிள்ளைக்குச் சந்தேகமே வராது. ஞ்சான், ஞ்சாள், ஞ்சது என்று முடிந்தால் மாற்று, பொருளின் பெயரென்றால் தொடாதே என்று சொல். ச்ச வாரத்தில் மச்சானைத் தனியாகக் காப்பாற்ற வேண்டும்.

புதன்கிழமை வாக்கியச் சொல்வதெழுதல், நான்கு வாக்கியம். இங்கேதான் நீ வழக்கத்தை மாற்ற வேண்டும். வாக்கியத்தைப் பேச்சுத் தமிழில் சொல்: 'நேத்து ஆத்துல தண்ணி வந்துச்சு.' பிள்ளைகள் எழுத்துத் தமிழில் வாய்விட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும், விரல்விட்டுச் சொற்களை எண்ண வேண்டும், பிறகுதான் பென்சில். இந்த வாய்விட்டுச் சொல்லும் படியை நேரமில்லை என்று விட்டுவிடாதே. மற்ற எல்லாவற்றையும் குறைத்தாலும் இதைக் குறைக்கக் கூடாது. எழுதுவதில் இன்னும் தொடக்கத்தில் இருக்கும் அரும்பு நிலைப் பிள்ளைகளுக்கு ஒரு வாக்கியம் போதும். நன்றாக எழுதும் மலர் நிலையில் இருப்பவர்கள் நான்கையும் எழுதட்டும்.

வியாழன் சொந்த எழுத்து. 'ற்ற வரும் ஐந்து சொல்லை வைத்து எழுது' என்று சொன்னால் 'காற்று வெற்றிலை நேற்று சுற்றியது' என்று பொருளில்லாத வரிதான் வரும். தலைப்பே அந்தச் சொற்களைக் கேட்கும்படி இருக்கட்டும். ற்ற வாரத்துக்கு 'நேற்று அடித்த காற்று', ச்ச வாரத்துக்கு 'காலையிலிருந்து என்னென்ன செய்தாய்?' சொல் தானாக வந்து விழும். வெள்ளியன்று அவரவர் எழுதியதை அவரவரே விரல் வைத்து வாசித்து, அந்த வாரத் தடத்தை மட்டும் தேடித் திருத்த வேண்டும். நீயும் அதை மட்டும் பார். மற்றப் பிழைகள் இருந்துவிட்டுப் போகட்டும். பக்கம் முழுக்கச் சிவப்பாகத் திரும்பி வந்தால், அடுத்த முறை தெரிந்த மூன்று சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு பாதுகாப்பாக எழுதுவார்கள்; அப்படி ஒடுங்கிய பிள்ளையை மறுபடி எழுத வைப்பது பெரும்பாடு.

இந்த நான்கும் படிந்த பிறகு எழுத்துக் கூட்டணிகளுக்குப் போ. மூன்று ன-வில் எது என்று குழம்பும் பிள்ளைக்கு அடுத்த எழுத்தைப் பார்க்கச் சொல்: த வந்தால் ந், ட வந்தால் ண், ற வந்தால் ன். பந்து, வண்டு, கன்று. பாதிக் குழப்பம் இதிலேயே போய்விடும். ஆனால் ப, ம முன்னால் இது கைகொடுக்காது: நண்பன், அன்பு; உண்மை, நன்மை. அவற்றை மனப்பாடமாகத்தான் கொடுக்க வேண்டும், விதி இருப்பதுபோல் காட்டாதே.

பெரியவர்களே தவறும் இடம் ஒன்று உண்டு. ட், ற் இரண்டுக்கும் பின்னால் இன்னொரு ஒற்று வராது: காட்சி, நட்பு, முயற்சி, அதற்கு. 'முயற்ச்சி', 'அதற்க்கு' என்று சுவரொட்டி முதல் சுற்றறிக்கை வரை பார்க்கலாம். ர், ழ், ய் பின்னால் ஒற்று வரலாம்: வளர்ச்சி, வாழ்க்கை, காய்ச்சல். தொல்காப்பியத்து மொழிமரபில் உள்ள செய்திதான். மூன்றாம் வகுப்புக்கு நூற்பா வேண்டாம். 'ட், ற் தனியாக நிற்கும், துணை வேண்டாது' என்றால் பிடித்துக்கொள்வார்கள்.

ல, ள, ழ பற்றிக் கேட்டிருந்தாய். அங்கே தடம் அதிகம் உதவாது. ழ இரட்டிக்காது, சொல்லின் முதலில் ள, ழ வராது, இவ்வளவுதான் பிடி. மீதியெல்லாம் நம் நாக்கில் இருக்கிறது. வகுப்பில் நாமே 'வாளைப்பளம்' என்று சொன்னால் பிள்ளை எதைக் கேட்டு எழுதும்?

ற்ற தடத்திலிருந்து தொடங்கு. முதல் வெள்ளிக்கிழமை நோட்டுகளைத் திருத்துவதற்கு முன்னால் படம் எடுத்து அனுப்பு, எந்தப் பிள்ளை எந்தத் தடத்தில் நிற்கிறது என்று சேர்ந்து பார்ப்போம். குட்டிக்கு என் முத்தம். அம்மாவின் மூட்டுவலி எப்படி என்று ஒரு வரி எழுது.

உன்,
தேன்மொழி