மடி நிறைய முந்திரி

மஞ்சக்குப்பம், கடலூர்

அடியே சுமதி,

ஏழு மாசமா எழுதாததுக்கு இதுக்குள்ள நீ திட்டி முடிச்சிருப்பே. இங்கே எல்லாரும் சௌக்கியம். 'பூஜ்யம்' சார் ரிட்டயர் ஆயிட்டார். பிரிவு விழாவிலும் அதே இருமல், அதே ஸ்கேல்.

நீ அனுப்பின கட்டுரையைப் படிச்சேன். நம்ம நாட்டுல 15 வயசும் அதுக்கு மேலயும் உள்ள பெண்கள் உழைப்புச் சந்தைக்கு வர்றது 2017-18ல 23.3 சதவீதம், 2023-24ல 41.7. உன் கிராஃப் ஜோரா ஏறுது. அதே வாரம் பண்ருட்டிப் பக்கம் அத்தை வீட்டுக்குப் போனேன். என் மாணவி ஒருத்தி ப்ராஜெக்ட் கேள்வித்தாளோட கூட வந்தா. "என்ன வேலை பாக்கறீங்க பாட்டி?" "வேலையா? சும்மாதாம்மா இருக்கேன்." சொல்றப்பவே மடி நிறைய முந்திரிப் பருப்பு, விரல் அது பாட்டுக்குத் தோலை உரிச்சிக்கிட்டிருக்கு. பிள்ளையும் வேலைக்கான கட்டத்துல 92ங்கற குறியீட்டைப் போட்டுட்டா, அதாவது வீட்டு வேலை மட்டும்! நான் "நேத்து எத்தனை கிலோ அத்தை?"ன்னேன். "ஆறு"ன்னு பட்டுனு வந்தது.

வழியெல்லாம் சிரிச்சோம். ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு சின்ன சர்வேக்கு அலைஞ்சேனே, ஞாபகமிருக்கா? கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்துல வாசப்படியிலேயே நின்னு எத்தனை பேருக்கு 92 போட்டேனோ!

சரி, அத்தையோட 92ஐத் திருத்தினா? வீட்டுல உட்கார்ந்து கிலோ கூலிக்குச் செய்றவங்க சுயதொழில் கணக்குல போவாங்க. அத்தை முதலாளியாம்டி! பருப்பு வியாபாரியோடது, கூலியை வைக்கிறதும் அவர். உடைஞ்சா பிடித்தம் மட்டும் அத்தைக்கு. வேலை பாக்கற பெண்கள்ல சுயதொழில்காரங்க 51.9லிருந்து 67.4 சதவீதம் ஆனதை நீயே எழுதியிருக்கே. அதுக்குள்ள எத்தனை அத்தைன்னு ஒரு வரி எழுதக் கூடாதா? அதை வளர்ச்சின்னு எழுத உனக்குக் கை எப்படி வந்தது? கோபம் உன் மேல இல்லை. கொஞ்சம் உன் மேலயும்தான்.

இருவேல்பட்டை நினைச்சுப் பாரு. நம்ம பழைய தென்னார்க்காட்டு ஊர். சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் ஸ்லேட்டர் 1916ல மாணவர்களை வச்சு அங்கே கணக்கெடுத்தார். அப்புறம் 2008 வரைக்கும் ஆள் மாத்தி ஆள் திரும்பப் போய்ப் பாத்திருக்காங்க. எனக்கு ஒரு வீட்டுத் திண்ணையில அரை மணி நேரம் உட்கார முடியலை.

பொங்கலுக்கு வா. தானே புயல்ல தோப்பு சாஞ்சப்புறம் அத்தை வச்ச கன்னுங்க இப்ப காய்க்குது. உன் கிராஃபைக் கொண்டாந்து அவங்களுக்கே விளக்கு. தம்பி கிட்ட அரைக் கிலோ முந்திரி குடுத்தனுப்பறேன், உடைசல்தான்.

கலா