திறன்பலகை இருக்கட்டும், நாற்பது அட்டைகள் போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அரசுப் பள்ளிகளுக்குத் திறன்பலகை (ஸ்மார்ட் போர்டு) வந்தது, உயர்தொழில்நுட்ப ஆய்வகம் வந்தது, தொடக்கப்பள்ளி ஆசிரியர் கைக்கு டேப்லெட்டும் வந்துவிட்டது. எத்தனை வாங்கினார்கள் என்ற கணக்கு செய்தியாகிறது. வாங்கியதை வைத்து வகுப்பில் என்ன நடக்கிறது என்பதுதான் பேசப்படுவதில்லை. திரையில் காணொலி ஓடும், நாற்பது பிள்ளைகளும் அசையாமல் பார்ப்பார்கள். முடிந்ததும் “புரிஞ்சுதா?” என்றால் “புரிஞ்சுது சார்” என்று ஒரே குரலில் பதில் வரும். அந்தக் குரலில் யாருக்குப் புரியவில்லை என்று கண்டுபிடிக்க, எவ்வளவு விலையுள்ள பலகையானாலும் தானாக வழி சொல்லாது.

இதற்கு மலிவான வழி ஒன்று இருக்கிறது. ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்திலிருந்து கையாண்ட முறை அது. பத்து நிமிடம் பாடம், பிறகு கருத்தைச் சோதிக்கும் ஒரே ஒரு கேள்வி. முதலில் ஒவ்வொருவரும் தனியாக விடை சொல்ல வேண்டும். அடுத்து, பக்கத்தில் இருப்பவரோடு வாதாடிவிட்டு மறுபடி விடை சொல்ல வேண்டும். அங்கே அதற்குத் தனிக் கருவி வைத்துக்கொண்டார்கள். நமக்கு ‘பிளிக்கர்ஸ்’ என்ற செயலியும் அச்சடித்த அட்டைகளும் போதும். பிள்ளைகளிடம் போன் தேவையில்லை, ஆசிரியரிடம் ஒன்று இருந்தால் சரி.

அட்டையில் கியூஆர் கோடுக்குத் தம்பி போல ஒரு கறுப்புக் கட்டம் இருக்கும். ஒவ்வோர் அட்டைக்கும் வேறு வடிவம். நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்து. எந்த விடையோ அந்தப் பக்கம் மேலே வரும்படி பிள்ளை பிடிக்க வேண்டும். ஆசிரியர் போன் கேமராவை வகுப்பின் குறுக்கே ஒருமுறை நகர்த்தினால், எந்த எண் எந்த விடை என்பது திரையில் விழுந்துவிடும். பக்கத்துப் பையனின் அட்டையை எட்டிப் பார்த்தாலும் காப்பியடிக்க முடியாது, வடிவம் வேறு. நிற அட்டை தூக்கச் சொல்வதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசமே இதுதான். அங்கே முதல் பெஞ்சு சிவப்பைத் தூக்கினால் வகுப்பே சிவப்பாகிவிடும்.

நாற்பது அட்டைத் தொகுப்பு ஏ4 தாளுக்கு இரண்டு வீதம் இருபது தாளில் அடங்கும். அறுபத்து மூன்று அட்டைத் தொகுப்பும் உண்டு. வெட்டி, பழைய காலண்டர் அட்டையில் ஒட்டினால் வளையாது. பளபளக்கும் லேமினேஷன் மட்டும் வேண்டாம். டியூப்லைட் வெளிச்சம் பட்டுத் தெறித்தால் கேமராவுக்குக் கட்டம் தெரியாது. மேட் லேமினேஷன் போடலாம், போடாமலும் விடலாம். வருகைப்பதிவேட்டு எண்ணையே அட்டை எண்ணாக வையுங்கள். செயலியிலும் பெயருக்குப் பதில் எண்ணையே ஏற்றுங்கள். குழந்தைகளின் பெயர்ப் பட்டியல் எங்கோ ஒரு சர்வரில் போய்க் கிடக்க வேண்டியதில்லை.

இனி கேள்வி. இந்த முறையின் உயிர் அதில்தான் இருக்கிறது. “தசம எண் என்றால் என்ன?” என்று கேட்டால் மனப்பாடம்தான் வரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: பெரிய எண் எது? ஏ) 0.5 பி) 0.45 சி) 0.312 டி) 0.09. ‘சி’ பிடிக்கும் பிள்ளை புள்ளியை மறந்து 312, 45, 9, 5 என்று முழு எண்ணாகப் படிக்கிறது. ‘டி’ பிடிக்கும் பிள்ளை இடமதிப்பை விட்டுவிட்டு எந்த இலக்கம் பெரியது என்று பார்க்கிறது. ‘பி’ பிடிப்பது ரூபாய், பைசாக் கணக்கு: 0.5-ஐ ஐந்து பைசா என்று எடுத்துக்கொண்டு, மூன்றாம் இலக்கத்தைக் கண்டுகொள்வதே இல்லை. மூன்று தவறுக்கும் மருந்து வேறு வேறு. தவறான விடை ஒவ்வொன்றும் ஒரு தவறான வழியைக் காட்டும்படி அமைந்தால்தான் அந்தக் கேள்வியைக் கேட்டதில் பயன்.

முதல் சுற்றுக்கு ஒரு நிமிடம், வாய் திறக்கக் கூடாது. சரியான விடை முப்பது சதவீதத்துக்குக் கீழே இருந்தால் விவாதத்துக்கு விடாதீர்கள், பாடத்தையே மறுபடி நடத்துங்கள். எழுபதைத் தாண்டினால் இரண்டு வரியில் விளக்கிவிட்டு நகருங்கள். இடையில் நின்றால்தான் வாதாட விட வேண்டும், மூன்று நிமிடம். முன்பெஞ்சைப் பின்னால் திரும்பச் சொல்லி, வேறு வேறு விடை சொன்ன இரண்டு அல்லது மூன்று பேராகச் சேருங்கள். ஆறு பேர் குழு என்றால் இருவர் பேசுவார்கள், நால்வர் ஜன்னலைப் பார்ப்பார்கள். ஆளுக்கு நூறு கட்டமுள்ள ஒரு சதுரத் தாள் கொடுங்கள். 0.5-க்கு ஐம்பது கட்டம், 0.45-க்கு நாற்பத்தைந்து, 0.312-க்கு முப்பத்தொன்றும் கொஞ்சமும், 0.09-க்கு ஒன்பதே கட்டம் என்று நிறம் தீட்டிய பிறகு, வாத்தியார் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. பிறகு மறுபடி அட்டை.

“தெரிந்தவன் சொல்வதைத் தெரியாதவன் கேட்டுக்கொள்கிறான், அவ்வளவுதானே?” என்று கேட்பவர்கள் உண்டு. கொலராடோ பல்கலைக்கழகத்தில் மரபியல் வகுப்பில் நடந்த ஆய்வு ஒன்று 2009-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியானது. விவாதம் முடிந்ததும் அதே கருத்தில் வேறொரு கேள்வியைத் தனியாகக் கொடுத்தார்கள். அதிலும் சரியான விடை கூடியது. தொடக்கத்தில் யாருக்குமே விடை தெரியாத குழுக்களிலும் தேர்ச்சி காணப்பட்டது.

சொதப்பும் இடங்கள் சில. முதல் சுற்று முடிவை உடனே திரையில் போட்டுவிடுவது: ‘பி’க்குக் கூட்டம் அதிகம் என்று தெரிந்தால் எல்லோரும் அந்தப் பக்கம் சாய்வார்கள், விவாதம் செத்துவிடும். விரல் கட்டத்தின் மேல் படுவது: ஓரத்தைப் பிடிக்க முதல் நாளே பழக்குங்கள். பிள்ளைகளுக்குப் பின்னால் ஜன்னல் இருந்து எதிர்வெளிச்சம் அடிப்பது: இடம் மாறி நின்று ஸ்கேன் செய்தால் சரியாகும். எல்லாவற்றிலும் பெரிய பிழை, விடைக்கு மதிப்பெண் போடுவது. மதிப்பெண் வந்த அன்றே பிள்ளைகள் தமக்குத் தோன்றியதை விட்டுவிட்டு ‘சரியானதை’ பிடிக்க அலைவார்கள்.

ஒரு பாடவேளையில் இப்படி இரண்டு கேள்விக்கு மேல் ஓடாது. கேள்வியைக் கரும்பலகையிலேயே எழுதலாம், புரொஜெக்டர் வேண்டாம். இணையம் வேண்டும்தான், ஆனால் போன் டேட்டாவே போதும். சிக்னலே கிடைக்காத ஊரில் கண்ணை மூடச் சொல்லி, நெஞ்சோடு சேர்த்து ஒன்று முதல் நான்கு விரல் காட்டச் சொல்லலாம். எண்ணுவது சற்றுத் தாமதமாகும், முறை அதேதான்.

அட்டை நமக்குப் புதிதும் அல்ல. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலில், அட்டையும், எதற்குப் பின் எதைப் படிக்க வேண்டும் என்று காட்டும் ஏணிப்படியும், பிள்ளை கைக்கு எட்டும் உயரக் கரும்பலகையும்தான் தொழில்நுட்பம். இன்று தொடக்க வகுப்புகளுக்கான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில், பிள்ளைகளை அவர்கள் கற்ற அளவுக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கும் ஆசிரியருக்கு, அன்றன்றைக்கு எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்பது தெரிய வேண்டுமே.

இதில் ஆசிரியருக்கு உண்மையான சுமை கேள்வி தயாரிப்பதுதான். நல்ல கேள்வி ஒன்றுக்கு அரைமணி நேரமாவது பிடிக்கும். மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கணக்குக்கும் அறிவியலுக்கும் பாடத்துக்கு ஐந்து கேள்வி வீதம், எந்தத் தவறான விடை எந்தக் குழப்பத்தைக் காட்டும் என்ற குறிப்போடு, தமிழில் வெளியிட வேண்டும். அடுத்த திறன்பலகை டெண்டருக்கு முன்பே இதைச் செய்துவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்
விருதுநகர் மாவட்டம்