மூன்றாம் மாதத்திலும் கதவைத் தட்டியவர்களுக்கு

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம்.

நோயிலும் இழப்பிலும் கடனிலும் நொந்துபோன விசுவாசிகளோடு கூட நின்ற உங்கள் அனைவருக்கும், வீடு தேடிச் சென்று விசாரிக்கும் சந்திப்பு ஊழியக் குழுவின் நன்றி. பொதுவாக நன்றி சொல்லிவிட்டுப் போக மனமில்லை. ரோமர் 16-ஆம் அதிகாரத்தில் பெபேயாள், பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா என்று பெயர் சொல்லி, அவர்கள் செய்த உதவியையும் எழுதித்தான் பவுல் வாழ்த்துகிறார். உங்கள் பெயர்களை எழுதினால் கோபித்துக்கொள்வீர்கள். ஆகையால் செய்ததை மட்டும் எழுதுகிறோம்.

பேசாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு முதல் நன்றி. பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் தரையில் மௌனமாக உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்கள்தான். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. "ஏதோ பாவம் இருக்கும்", "விசுவாசம் போதாது" என்ற பேச்சு இன்றும் அதே வேலையைத்தான் செய்கிறது. பிறவிக்குருடன் விஷயத்தில் யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இயேசு அந்தக் கணக்கையே ஒப்புக்கொள்ளவில்லை (யோவான் 9:3). நீங்களோ நாற்காலியை இழுத்துப் போட்டு, படுத்திருப்பவரின் கண்மட்டத்தில் உட்கார்ந்தீர்கள். கால்மணி நேரத்தில் எழுந்துவிட்டீர்கள். நடுவில் ஒரு சிறு சங்கீதம் வாசித்தீர்கள், அவ்வளவுதான்.

எந்தச் சங்கீதம் என்பதிலும் உங்கள் நிதானம் தெரிந்தது. 13-ஆம் சங்கீதத்தில் ஆறே வசனங்கள். முதல் இரண்டிலேயே "எதுவரைக்கும்" நான்கு முறை வருகிறது. கேட்பவருக்கு, முறையிடுவதும் ஜெபம்தான் என்று புரிந்துவிடும். 88-ஆம் சங்கீதம் ஆறுதல் சொல்லாமலே முடிகிறது. சிலருக்கு அதுதான் பொருந்தும். தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்கிற ரோமர் 8:28 உண்மைதான். ஆனால் அடக்க ஆராதனை முடிந்த அன்றே அதைச் சொன்னால், அழுகிறவரின் வாயை அடைப்பதாகிவிடுகிறது.

ஜெபிக்கவே வராத நாட்களில், கர்த்தருடைய ஜெபத்தை நீங்கள் வரிவரியாகச் சொல்ல, அவர்கள் பின்சொன்னார்கள். அதுவும் முடியாதபோது அவர்களுக்காக நீங்களே சொன்னீர்கள். நடக்கமுடியாத திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்து வந்தபோது இயேசு கண்டது "அவர்கள் விசுவாசத்தை" என்றுதானே மாற்கு எழுதுகிறார்.

சமைத்துக் கொடுத்தவர்களே, சாகவேண்டும் என்று கேட்ட எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் கொடுத்தது பிரசங்கமல்ல; அடையும் தண்ணீரும், அதுவும் இரண்டு முறை. இடையில் தூங்கவும் விட்டான். "ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள்" என்றால் யாரும் சொல்லமாட்டார்கள். "செவ்வாய்க்கிழமை பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நான் கூட்டி வரட்டுமா?" என்று கேட்டால், தலையசைத்தால் போதும். திருப்பித் தரவேண்டாத பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுவந்த அக்காமாருக்குத் தனி வணக்கம்!

மாத்திரையை நிறுத்தச் சொல்லாதவர்களுக்கும் நன்றி. இன்சுலின் போடுகிறவரை உபவாச ஜெபத்துக்கு வற்புறுத்தினால், சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். அவரைச் சாப்பிடவைத்துவிட்டு நீங்கள் உபவாசித்தீர்கள்.

ஜெபக்குறிப்பை வாசிக்கும் முன் அனுமதி கேட்டவர்களை மறக்கமுடியாது. "ஒரு குடும்பத்துக்காக ஜெபிப்போம்" என்பதே போதும், கர்த்தருக்குக் கதவு எண் தெரியும். நோயின் பெயரும் கடன் தொகையும் வெளியே போனால் ஜெபக்குறிப்பு ஊர்ப்பேச்சாகிவிடும். அந்தக் குடும்பம் ஆராதனைக்கு வருவதையே நிறுத்திவிடும்.

முதல் வாரம் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். மூன்றாம் மாதத்தில் தொலைபேசிகூட அடிக்காது. விசுவாசம் வறண்டுபோவது பெரும்பாலும் அப்போதுதான். அப்போது வந்தீர்கள். அவர்கள் மறுபடி ஆலயத்துக்கு வந்த நாளில் வாசலிலேயே நிறுத்தி விசாரிக்காமல், பின்வரிசையில் இடம் பிடித்து வைத்தீர்கள். பாட்டின் நடுவே எழுந்து வெளியே போனால் துரத்திக்கொண்டு போகவில்லை.

நினைவு நாளை நாட்குறிப்பில் எழுதிவைத்து, ஓராண்டு கழித்து அன்று காலையில் "இன்று என்ன நாள் என்று எனக்கும் நினைவிருக்கிறது" என்று செய்தி அனுப்பியவர்களுக்கு நன்றி. பதில் வராததைத் தப்பாக எடுத்துக்கொள்ளாததற்கும் சேர்த்து.

கர்த்தருக்குள்,
சந்திப்பு ஊழியக் குழுவினர்