வசந்தகாலப் புத்தகங்களும் மதிப்புரையின் கடைசி வரியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழில் வரும் நூல் மதிப்புரைகளின் கடைசி வரியில் பதிப்பகத்தின் பெயரும் விலையும் இருக்கும். சென்னையில் கடைக்குப் போய்ப் புரட்டிப் பார்த்து வாங்குகிறவருக்கு அது போதும். டர்பனில் இருந்துகொண்டு, கண்ணால் பார்க்காத புத்தகத்துக்குப் பணம் அனுப்புகிறவருக்கு இன்னும் சில தகவல் வேண்டும்: பக்கம் எத்தனை, எழுத்து எவ்வளவு பெரிது, எந்த வட்டாரப் பேச்சு, அருஞ்சொல் பட்டியல் உண்டா, எடை என்ன. எதற்காகக் கேட்கிறோம் என்பதை, வரும் வசந்தத்தில் படிப்பதற்காக ஆவலோடு எடுத்து வைத்திருக்கும் புத்தகங்களைக் கொண்டே சொல்கிறோம்.

எங்களுக்கு வசந்தம் பிறப்பது செப்டம்பர் 1ஆம் தேதி. சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று பாடம் படிக்கும் பிள்ளைகள், இங்கே அந்த மாதங்களில் குளிர் தொடங்குவதைத்தான் பார்க்கிறார்கள். புரட்டாசி விரதம், நவராத்திரி, தீபாவளி எல்லாம் எங்களுக்கு வசந்தத்தில் வருபவை. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல், கரும்புத் தோட்ட ஒப்பந்த வேலைக்கு வந்த முதல் இந்தியர் 342 பேரோடு சென்னையிலிருந்து டர்பன் துறைக்கு வந்து சேர்ந்ததும் வசந்தத்தில்தான். செப்டம்பர் 1 முதல் அந்த நாள் வரை எண்ணினால் 77 நாள். சரியாகப் பதினொரு வாரம். படிப்புக்கு நாங்கள் வைத்திருக்கும் எல்லை அது.

பதினொரு வாரத்தில் எவ்வளவு படிக்க முடியும்? வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் எழுத்துப் படித்த ஒருவர் வாய்விட்டுப் படித்தால் நிமிடத்துக்கு 40 சொல் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதைப் புத்தகத்தின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 240 சொல் இருக்கும். அப்படியானால் பக்கத்துக்கு 6 நிமிடம். தினம் 20 நிமிடம், வாரம் 6 நாள் என்றால் மொத்தம் 1,320 நிமிடம், 220 பக்கம். சரசுவதி பூஜையன்று புத்தகத்தைப் பூஜையில் வைத்துவிடுவதால் அந்த ஒரு நாளையும் கழித்துவிட வேண்டும். ஏறக்குறைய இந்த 220 பக்கத்துக்குள் என்ன படிக்கலாம் என்பதே கேள்வி.

இந்தக் கணக்கைப் போடாமல் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஐந்து பாகச் சரித்திர நாவலை வரவழைக்கிறார்கள். முதல் பாகத்தின் நடுவிலேயே புத்தகம் அலமாரிக்குப் போய்விடுகிறது. அளவு மட்டும் அதற்குக் காரணம் அல்ல. பத்துப் பக்கத்துக்குள் பதினைந்து பெயர்கள் வந்துவிடும். பட்டப்பெயரும் இயற்பெயரும் மாறி மாறி வரும். "வந்துவிட்டானென்றறிந்ததும்" என்பது போன்ற புணர்ந்த சொற்களில் மெதுவாகப் படிக்கிறவரின் கண் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் தவிக்கும். பென்சிலால் "வந்துவிட்டான்/என்று/அறிந்ததும்" என்று கோடு போட்டுக்கொண்டே போனால் பாதித் தொல்லை தீரும். முதல் 20 பக்கத்துக்குப் போட்டால் போதும், பிறகு கண் தானே பிரித்துக்கொள்ளும். மையினால் மட்டும் கோடு போடாதீர்கள். அந்தப் புத்தகத்தை அடுத்தவரும் படிக்க வேண்டும்.

முதல் வாரத்துக்குப் பாரதியின் "கரும்புத் தோட்டத்திலே". பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் அகப்பட்ட நம் பெண்களைப் பற்றிய பாட்டு. ஒரே அமர்வில் முடிந்துவிடும். டர்பன் இருக்கும் நேட்டாலின் கரும்பும் அதே கரும்புதான், ஐந்தாண்டு ஒப்பந்தமும் அதே ஒப்பந்தம்தான். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு வந்த 1,52,184 பேரின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் இதை வாய்விட்டுப் படிக்கும்போது அகராதி தேவைப்படுவதில்லை. தனியாகப் படிக்காமல் இரண்டு பேராகப் படியுங்கள். ஒருவர் படிக்க மற்றவர் கேட்டால், மூச்சு எங்கே வாங்க வேண்டும் என்பது இரண்டாம் தடவையிலேயே பிடிபடும்.

இரண்டாம் மூன்றாம் வாரங்களுக்குப் புதுமைப்பித்தனின் "துன்பக்கேணி". திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன மருதியின் கதை. சிறுகதை என்று சொன்னாலும் நீளமானது. இங்கே ஒரு முட்டுக்கட்டை உண்டு. தென்னாப்பிரிக்கத் தமிழரின் முன்னோர்களில் பலர் வட ஆற்காடு, சித்தூர்ப் பக்கத்தவர்கள். ஆயா, அதாவது பாட்டி, வாயால் கேட்ட தமிழ் அந்தப் பக்கத்துத் தமிழ். புதுமைப்பித்தனின் ஆட்கள் பேசுவதோ நெல்லைத் தமிழ். "ஏளா" என்று கூப்பிட்டால் யாரை யார் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் படிப்பு நின்றுவிடும். மதிப்புரையில் "உரையாடல் நெல்லைப் பேச்சு" என்று இரண்டு சொல் இருந்தால், பத்து வட்டாரச் சொல்லை முன்கூட்டியே எழுதிக் கையில் வைத்துக்கொள்ளலாம். நான்கு தகவலோ ஐந்து தகவலோ, நீங்கள் ஒன்றே ஒன்றைத்தான் சேர்க்க முடியும் என்றால் இதைச் சேருங்கள்.

நான்காம் வாரம் முதல் எட்டாம் வாரம் வரை வெ. சாமிநாத சர்மாவின் "எனது பர்மா வழிநடைப் பயணம்". இந்த வசந்தத்தில் நாங்கள் மிகவும் எதிர்பார்த்திருப்பது இதுதான். ரங்கூனில் "ஜோதி" இதழை நடத்தியவர் சர்மா. 1942இல் ஜப்பானியப் படை நெருங்கியபோது அங்கிருந்து நடந்தே இந்தியாவுக்குத் திரும்பியவர்களில் அவரும் ஒருவர். பிளேட்டோவையும் ரூசோவையும் தமிழில் தந்தவரின் தெளிந்த உரைநடை, மெதுவாகப் படிக்கிறவரைத் தடுக்காது. பேச்சு வழக்குச் சிக்கலும் இல்லை. பக்கத்தில் ஒரு பர்மா வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஊர்ப்பெயர் வரும் இடத்திலெல்லாம் ஒரு புள்ளி வையுங்கள். ஊர்ப்பெயர்கள் பழைய வழக்கில் இருக்கும் என்பதால் பழைய வரைபடமே நல்லது. புதியதில் ரங்கூன் யாங்கூனாகிவிட்டது.

கடைசி மூன்று வாரம் காந்தியடிகளின் தென்னாப்பிரிக்க சத்தியாகிரக வரலாறு, தமிழாக்கத்தில். இதை முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். தொடக்க அத்தியாயங்கள் தென்னாப்பிரிக்காவின் நிலவியலும் பழைய வரலாறும். குஜராத்தி வாசகருக்காகச் சொன்னவை, இங்கே வாழ்கிறவருக்குத் தெரிந்தவை. ஒப்பந்தம் முடிந்தும் இங்கேயே தங்கியவர்கள்மேல் போட்ட 3 பவுன் வரியை எதிர்த்து நியூகாசில் சுரங்கத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திய 1913ஆம் ஆண்டுப் பகுதியிலிருந்து தொடங்குங்கள். நேட்டாலின் சார்லஸ்டவுனிலிருந்து டிரான்ஸ்வாலுக்கு எல்லை தாண்டிய நடைப்பயணம் நவம்பர் 6 அன்று புறப்பட்டது. மேற்சொன்ன கணக்கில் அது பத்தாவது வாரத்தில் விழும். அந்த நாளில் அந்த அத்தியாயத்தைப் படிக்கும்படி வைத்துக்கொள்ளலாம். ஆண்கள் 2,037, பெண்கள் 127, குழந்தைகள் 57 என்று அவர் கணக்குத் தருகிறார். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டியும் ஓர் அவுன்ஸ் சர்க்கரையும் என்று படியளந்ததையும் சொல்கிறார். இந்தப் போராட்டத்தில் சிறை சென்று, 1914 பிப்ரவரியில் 16 வயதில் உயிர்விட்ட தில்லையாடி வள்ளியம்மையைப் பற்றிய பக்கங்கள் வரும்போது அவசரப்படாதீர்கள். ஒரு நாள் முழுவதையும் அதற்கே கொடுங்கள்.

இந்த நூலில் இடறுவது ஊர்ப்பெயர்களில்தான். வோக்ஸ்ரஸ்ட் போன்ற பெயர் தமிழ் எழுத்தில் எப்படி எப்படியோ அச்சாகியிருக்கும். இங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கும் அது தாம் கடந்துபோன ஊர்தான் என்று தெரியாமல் போகும். ஒரு தாளில் இடப்பக்கம் நூலில் உள்ள எழுத்தையும் வலப்பக்கம் நாம் சொல்லும் பெயரையும் எழுதிப் புத்தகத்திலேயே செருகி வைத்தால் பின்னால் படிக்கிறவருக்கும் உதவும். காந்தியடிகள் தாமே ஜி. யூ. போப்பின் தமிழ்க் கையேட்டை வைத்துக் கப்பலிலும் சிறையிலும் தமிழ் எழுத்துக் கூட்டியவர் என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது.

இவற்றோடு பதினொரு வாரமும் கூடவே ஓடுவது முல்லைப்பாட்டு. பத்துப்பாட்டில் மிகச் சிறியது, 103 அடி, பாடியவர் நப்பூதனார். வசந்தத்தில் மழைக்காலப் பாட்டு எதற்கு என்று கேட்கலாம். முல்லைக்கு உரிய கார்காலம் ஆவணியும் புரட்டாசியும். டர்பனில் மழை கூடுவது அக்டோபரில். ஆக, தமிழ்நாட்டின் இளவேனிற்பாட்டு எங்கள் வசந்தத்துக்கு ஒத்துவராது. கார்காலப் பாட்டு கிட்டத்தட்டப் பொருந்தி வருகிறது! வாரத்துக்குப் பத்து அடி என்று வெட்டினால் கெட்டுப்போகும், வாக்கியம் அடிக்குள் முடிவதில்லை. காட்சிக் காட்சியாகப் பிரியுங்கள். முதல் 6 அடி, கடலைக் குடித்து எழுந்த மேகம் பெய்யும் மாலை. 7 முதல் 11 வரை, முதிய பெண்கள் நெல்லும் முல்லையும் தூவி, நல்ல சகுனமாக யார் வாயிலாவது வரும் நற்சொல்லைக் கேட்க நிற்பது. 12ஆம் அடியில் கயிற்றில் கட்டிய கன்று வருகிறது. தாய்ப்பசு இப்போதே வந்துவிடும் என்று இடைமகள் அதற்குச் சொல்லும் அந்தச் சொல்தான் நற்சொல். உரை வாங்கும்போது கவனம் வேண்டும். பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பொருளுக்காக அடிகளை முன்னும் பின்னும் மாற்றிக் கூட்டுவார். புதிதாகப் படிக்கிறவருக்குத் தலை சுற்றும். அடி வரிசையிலேயே போகும் உரையா என்று கேட்டு வாங்குங்கள்.

நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இன்னும் இரண்டு. பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் தமிழாக்கிய "எரியும் பனிக்காடு": ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணி பேச்சை நம்பிப் போன கருப்பனும் வள்ளியும். எழுதியவர் அந்தத் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர். மற்றது ப. சிங்காரத்தின் "புயலிலே ஒரு தோணி", மெடானும் பினாங்கும் மதுரையும் கலந்த போர்க்கால நாவல். மலாய்ச் சொல்லும் பழந்தமிழ் அடியும் ஒரே பத்தியில் வரும். குறிப்புகளோடு வந்த பதிப்பாகப் பார்த்து வாங்க வேண்டும். குறிப்பு உண்டா இல்லையா என்பதை மதிப்புரை சொல்லாவிட்டால் நாங்கள் எப்படி அறிவது?

இனி வரவழைப்பது. டெம்மி அளவில் 300 பக்க நூல் ஏறக்குறைய 350 கிராம் இருக்கும்; 5 கிலோ பெட்டியில், அட்டையும் உறையும் போக, 13 நூல் பிடிக்கும். ஒவ்வொன்றாக வரவழைத்தால் அஞ்சல் செலவு நூலின் விலையைத் தாண்டிவிடும், ஆகவே நான்கைந்து குடும்பம் சேர்ந்து ஒரே பெட்டியாகக் கேளுங்கள். தென்னாப்பிரிக்காவில் புத்தகத்துக்கும் 15 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி உண்டு. இறக்குமதியில் அந்த வரி, பொருளின் மதிப்போடு பத்து விழுக்காடு கூட்டிய தொகையின் மேல் போடப்படும். 1,000 ராண்டு மதிப்புள்ள நூல்களுக்கு 165 ராண்டு. பெட்டிக்குள்ளும் வெளியிலும் ஒவ்வொரு பில் இருக்கட்டும். பில் இல்லாத பெட்டிக்கு மதிப்புப் போட முடியாமல் சுங்கத்தில் கிடக்கும்.

பாரதியையும் முல்லைப்பாட்டையும் வாங்கத் தேவையில்லை, மதுரைத் திட்டத்தின் மின்தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன. யூனிக்கோடு வடிவத்தையே எடுங்கள். பழைய டிஸ்கி கோப்பு அதற்குரிய எழுத்துரு இல்லாமல் புரியாத குறிகளாகத் தெரியும். பிடிஎஃப் கோப்பிலிருந்து வெட்டி ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும், எனவே கோப்பை நேரே அச்சிடுங்கள். 16 புள்ளி எழுத்து, வரிக்கு வரி ஒன்றரை இடைவெளி. மூத்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அது சரியாக இருக்கும்.

வந்த நூலை உடனே நடுவில் விரிக்காதீர்கள். பசையால் ஒட்டிய முதுகு வெடித்து ஏடு ஏடாக வந்துவிடும். முன்னால் பத்து ஏடு, பின்னால் பத்து ஏடு என்று மாறி மாறித் தடவி விரித்து நடுவுக்கு வர வேண்டும். கடற்கரை ஈரத்தில் பூஞ்சை பிடிக்காமல் அலமாரியைச் சுவரிலிருந்து மூன்று விரற்கடை தள்ளி வைப்பது நல்லது.

ஆசிரியர் அவர்களே, மதிப்புரையின் அடியில் விலைக்குப் பக்கத்தில் இப்படி ஒரு வரி போதும்: "பக்கம் 184; எழுத்து 12 புள்ளி; உரையாடல் நெல்லைப் பேச்சு; அருஞ்சொல் பட்டியல் இல்லை; எடை 220 கிராம்." ஜூலைக்குள் வரும் மதிப்புரைகளில் இதைத் தொடங்கினால், ஆகஸ்டில் பெட்டி அனுப்பச் சொல்லி எழுதும்போது எங்கள் கையில் இருக்கும்.

அன்புடன்,
தமிழ் நூல் வாசகர்கள் சிலர்,
டர்பன், தென்னாப்பிரிக்கா